கிரேக்கர்களின் ஆட்டீரலும் எங்கள் அரளிப்பூவும்

எனக்குச் சந்தேகப் புத்தி. பால்காரர் ஊற்றும் பாலையும் சந்தேகப்படுவேன், பூசாரி நீட்டும் திருநீற்றையும் சந்தேகப்படுவேன். அந்தப் புத்திக்குத் தீனி போட்டவர்கள் கிரேக்கர்கள்.

சிங்கப்பூரில் அறுபதுகளின் நடுப்பகுதி. இந்தோனேசியாவோடு மோதல். எங்கே குண்டு வெடிக்குமோ என்று பயந்துகொண்டே பஸ் ஏறுவோம். பகலில் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் ஒரு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சரித்திரத் தாளில் பழைய கிரேக்கர்கள் வந்தார்கள். சண்டைக்குக் கிளம்பும்முன் ஆட்டை வெட்டி, குறிகாரனைக் கூப்பிட்டு ஈரலைப் பார்க்கச் சொல்வார்களாம். ஈரல் சரியில்லை என்றால் படை நகராது. எதிரியின் அம்பு வந்து விழுந்துகொண்டிருக்க, நல்ல குறி வரும்வரை ஒரு தளபதி பலி கொடுத்துக்கொண்டே இருந்தாராம். இன்னொருவர் சந்திர கிரகணம் கண்டு, கப்பலை எடுக்காமல் உட்கார்ந்து படையையே பறிகொடுத்தாராம்.

கேழ்வரகில் நெய் வடிகிறதாம்! கடைசி ஆட்டின் ஈரல் மட்டும் எப்படிச் சரியாக இருந்தது? குறிகாரன் காதில் முன்கூட்டியே ஓதியது யார்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

அந்த வாரம்தான், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவர் துப்பாக்கி தூக்கும் தொண்டர் படையில் சேரப்போவதாகச் சொன்னார்.

"பக்கத்து மேசைக்காரன் போறான் லா. நான் மட்டும் இங்க உக்காந்து பைல் புரட்டிக்கிட்டு இருக்கவா?"

எனக்கு அப்போது மூன்று மாதம். அத்தை, அதாவது அவருடைய அம்மா, அழவில்லை, தடுக்கவும் இல்லை. "அம்மன்கிட்ட பூக்கட்டிப் பார்ப்போம்பா. அவ என்ன சொல்றாளோ அதுபடி செய்" என்றார். அவரும் சரி என்றார்.

செவ்வாய்க்கிழமை சிராங்கூன் ரோட்டு அம்மன் கோயிலுக்குப் போனோம். வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் முன்னால் வைக்க வேண்டும். எடுப்பதில் வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. கட்டிக்கொண்டு வந்தது அத்தை.

எனக்கா சந்தேகம் வராது? பெற்றவள் மகனைச் சண்டைக்கு அனுப்புவாளா? இரண்டிலும் சிவப்பைத்தான் வைத்திருப்பாள். அப்படி நினைத்ததில் எனக்கு நிம்மதிதான்.

பொட்டலங்களை என் கையில் கொடுத்துவிட்டு அத்தை கால் கழுவப் போனார். தூணுக்குப் பின்னால் நின்று நாரை அவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றில் சிவப்பு. மற்றதில் வெள்ளை.

ஐயோ, இந்த மனுஷி பெற்ற பிள்ளையை உண்மையிலேயே சாமி கையில் விட்டுவிட்டாரே! எனக்கு அந்தத் தைரியம் இல்லை. வெள்ளையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அர்ச்சனைத் தட்டிலிருந்த அரளியை வைத்துப் பழையபடி கட்டினேன்.

பூசாரி தீபம் காட்டினார். என் கணவரே எடுத்துப் பிரித்தார். சிவப்பு. அவர் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் சொன்ன சொல் மாறாமல் படையில் சேராமல் இருந்துவிட்டார்.

மிச்சப் பொட்டலத்தை அத்தை முந்தானையில் முடிந்துகொண்டார், வீட்டு அம்மன் படத்துக்குப் பூ வைக்க. அதை நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சாமியறைக்குள் போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். "சாப்பிடு ஆயி, வெறும் வயித்தோட இருக்காதே" என்றார், அவ்வளவுதான். பிரித்துப் பார்த்திருக்கமாட்டார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அந்தப் பக்கத்து மேசைக்காரர் அக்கரையில், ஜொகூர்ச் சதுப்பில் சுடப்பட்டு இறந்தார். சாவு வீட்டிலிருந்து திரும்பிய என் கணவர் நேரே அத்தை முன்னால் போய் நின்றார்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. ரெண்டுலயும் சிவப்பைத்தானே வச்சீங்க? என்னைக் கோழையாக்கிட்டீங்களே!"

நிறைமாத வயிற்றோடு நான் அடுப்படி வாசலில் நின்றேன். அத்தை என்னை ஒரு தரம் பார்த்தார். அம்மன் பெயரில் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவர் அவர்.

"ஆமாப்பா. நான்தான் வச்சேன்."

அன்றோடு அவர் அத்தையை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தினார். குவீன்ஸ்டவுனில் வீடு கிடைத்ததும் என்னையும் பிள்ளையையும் மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அத்தை லாரி வரைக்கும் பேரனைத் தூக்கிவந்து என் மடியில் வைத்து, "இவனை நல்லாப் பாத்துக்க ஆயி" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அத்தை இறந்தபோது அவர் கொள்ளி வைத்தார், அழவில்லை. பக்கத்தில் நின்ற நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை.