சாட்சி குடியிருக்கும் இடம்

மட்டாஞ்சேரியில் ஊர்வலம் வந்தால் யாரும் ஷட்டரை இறக்குவதில்லை. இங்கே வந்த முதல் வாரம், பஜார் ரோட்டில் இருக்கும் சுக்குக் குடோனுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஐம்பது அறுபது பேர் கொடி பிடித்துக் கோஷம் போட்டு வந்தார்கள். நான் சட்டென்று ஒரு பலசரக்குக் கடைக்குள் புகுந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். "எந்தா வேண்டே?" என்றார் கடைக்காரர். ஒளிய வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கால் கிலோ துவரம்பருப்பு கேட்டேன். அவர் நிறுத்துக் கட்டுவதற்குள், ஊர்வலத்துக்குக் காவலாக வந்த போலீஸ்காரர் ஒருவர் ஓரமாக ஒதுங்கி நின்று சாயா குடித்தார். கோஷம் போட்டவர்களில் ஒருவர் அவர் தோளைத் தட்டி ஏதோ விசாரித்துவிட்டு மறுபடி வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார். இரண்டு வருடம் ஆகிறது. இங்கே ஜாதா என்று சொல்லும் இந்த ஊர்வலங்களைக் கண்டால் என் கால் இன்னும் ஓரம் தேடுகிறது. வீட்டில் துவரம்பருப்புக்கு மட்டும் குறைவில்லை.

ஊரில் இருப்பவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள், சிரியுங்கள். என்னைப் போல ஊரை விட்டு விரட்டப்பட்டு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் கணவாய்க்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. பெயரை எழுத இப்போதும் கை வரவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது அங்கே என் பிழைப்பு. மலையில் கல்குவாரி வந்து, வெடி வைத்து, வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டு, கிணறுகள் வற்றியபோது, சைக்கிள் கடை மாடசாமி அண்ணன்தான் முதலில் என் மேசைக்கு வந்தார். அவர் கையெழுத்துப் போட்டார், நான் எழுதினேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனுவில் அடித்த சீல் காய்வதற்குள் அதன் நகல் குவாரி முதலாளி வீட்டுக்குப் போய்விடும். பதினோராவது மனு கொடுத்த அன்று பட்டப்பகலில், ரோட்டின் அந்தப் பக்கம் போன லாரி ஒன்று இந்தப் பக்கம் திரும்பி அண்ணனின் சைக்கிள் மேல் ஏறியது. அண்ணன் அங்கேயே செத்துப்போனார். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த நான் கண்ணால் பார்த்தேன். அங்கே நின்றவர்கள் ஏழெட்டுப் பேர். விபத்து இல்லை என்று சொன்னது நான் ஒருத்தி. அதற்குப் பிறகு பணம் கேட்டு மிரட்டினேன் என்று என் மேல் ஒரு புகார், வீட்டு ஓட்டின் மேல் கல், தம்பியின் கடைக்குச் சரக்கு வராமல் தடை. வழக்கை நடத்தும் வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சாட்சி சொல்ற வரைக்கும் உயிரோட இருங்க செல்வி, அது போதும். எங்க இருக்கீங்கன்னு எங்கிட்டகூடச் சொல்லாதீங்க."

அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தேன். பகலெல்லாம் தரையில் உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பேன். நான் குடியிருக்கும் சந்தில் பக்கத்து வீட்டுக்காரி ஸுஹரா இத்தா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதனால் இத்தா, அதாவது அக்கா. கணவர் இல்லை. மகள் ரஸீனா கல்லூரியில் படிக்கிறாள். என் பழைய கதை இவர்களுக்குத் தெரியாது. வேலை தேடி வந்த எத்தனையோ தமிழ்க்காரிகளில் நானும் ஒருத்தி என்று நினைத்திருந்தார்கள். போன கோடையில், தெரு முனையில் பெரிய ஹோட்டல் கட்ட வந்தவர்கள் தோண்டிய தோண்டலில் எங்கள் சந்துக்கு வரும் தண்ணீர்க் குழாய் உடைந்தது. மூன்று வாரம் சொட்டுத் தண்ணீர் இல்லை. இத்தா ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லி, ரஸீனா எங்கள் சிரமத்தை எல்லாம் மலையாளத்தில் உருக்கமாக எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை பரபரத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. "இப்படி அழுது எழுதாத பிள்ள. கேள்வியா கேளு. ரோட்டைத் தோண்ட அனுமதி கொடுத்தது யாரு, எந்தத் தேதியில, கையெழுத்து யாரோடதுன்னு கேளு. தகவல் உரிமைச் சட்டத்துல பதில் சொல்லியே ஆகணும்" என்றேன். இரண்டு பேரும் என்னைப் புதிதாகப் பார்த்தார்கள்.

"செல்வி சேச்சிக்கு இதொக்கெ எங்ஙனெ அறியும்?" என்றாள் ரஸீனா.

"யாரோ எழுதுறதைப் பாத்திருக்கேன். என் பேரு மட்டும் எங்கயும் வரக்கூடாது" என்றேன். தமிழ்ப்பெண்ணுக்குக் கூச்சம் என்று இத்தா நினைத்துக்கொண்டார்.

மனு போனது. பின்னாலேயே பெண்கள் காலிக் குடங்களோடு அந்த ஹோட்டல் வாசலில் உட்கார்ந்தார்கள். ரஸீனா மேல் போலீஸ் ஒரு கேஸ் போட்டது. "எனிக்கு ஒண்ணு முன்பே உண்டு, இது ரெண்டாமத்தது" என்று காதுகுத்தின கணக்கில் சொல்லிச் சிரித்தாள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். இத்தா அந்தப் போராட்ட வீடியோவைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். கல்ஃபில் வேலை செய்யும் அவர் தம்பி அடுத்த நிமிடமே குழுவை விட்டு வெளியேறினார். பிறகு தனியாகப் போன் செய்து, "இங்க இதெல்லாம் ஃபோன்ல இருந்தாலே பிரச்சனயாணு இத்தா" என்றாராம். இத்தாவுக்கு வருத்தம். எனக்கு அவரைத்தான் நன்றாகப் புரிந்தது. தினமும் போனைத் திறந்தால் எங்கோ ஒரு நாட்டில் ஆற்றுக்காகப் பேசிய பெண்ணைச் சுட்டார்கள், எங்கோ ஒரு பத்திரிகைக்காரரைப் பிடித்துப் போனார்கள், எங்கோ ஒரு சங்கத்தைப் பூட்டினார்கள் என்றுதான் வருகிறது. முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது அலுப்புதான் வருகிறது. அந்த நாடுகளின் பெயர்களை எனக்குச் சரியாக உச்சரிக்கத் தெரியாது. ஆனால் அவர்கள் வீட்டுக் கூரையில் கல் விழுந்த சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

குழாய் சரியாயிற்று. நாலாம் நாள் காலை வேலைக்குப் போகிறேன், முக்கில் புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. இந்த ஊரில் பத்தாம் வகுப்பில் தேறினாலும் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், சண்டையில் ஜெயித்தாலும் வைப்பார்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு என் முகம். ஒரு கல்யாண வீட்டில் நான் பிரியாணித் தட்டோடு சிரித்தபோது எடுத்த படம், தட்டை மட்டும் வெட்டியிருந்தார்கள். பஸ் போர்டுகளைப் பார்த்துப் படித்த மலையாளத்தில் எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். எங்கள் சொந்தம் செல்வி சேச்சிக்கு அபிவாத்யங்கள், அதாவது வாழ்த்துகள். கீழே தெருப் பெயர் வரை இருந்தது. நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இத்தா ஓடி வந்தார். "எந்தா செல்வி? ஃபோட்டோ நல்லாயிட்டில்லே? ரஸீனாயோடு ஞான் அப்பழே பறஞ்ஞு, வேறே ஃபோட்டோ இடான்!"

அன்று மாலையே தம்பி கூப்பிட்டான். "யக்கா, ஒன் போட்டோ இங்க வந்துட்டு. ஊரே பாக்கு." எங்கள் குடோனில் மூட்டை தூக்கும் ஒருவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். நம்ம ஊர்ப் பெண்ணுக்கு மரியாதை என்று பெருமையாக ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இரண்டு வருடம் கட்டிக் காத்ததை, என் மேல் பிரியப்பட்டவர்களே கூடிக் கொட்டிக் கவிழ்த்தார்கள்.

அன்றுதான் இத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி திரும்பிய விதத்தைச் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரஸீனா அழுதாள். உடனே போர்டை இறக்கிவிடலாம் என்று எழுந்தாள். இத்தா தடுத்தார். "இனி எடுத்திட்டு எந்தா காரியம்? அங்க எல்லாரும் கண்டு கழிஞ்ஞு. இருக்கட்டே. நாலாள் அறிஞ்ஞ பெண்ணைத் தொடான் ஆரும் பயப்படும்." மாடசாமி அண்ணனை நாலு பேருக்கு இல்லை, நாலு ஊருக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. அவர் நம்பிக்கையை உடைக்க எனக்குத் தெம்பு இல்லை. இன்னொரு ஊருக்கு ஓடவும் தெம்பு இல்லை.

பத்து நாளில் இரண்டு பேர் வந்து சாயாக்கடையில் தமிழ்க்காரி வீடு எது என்று விசாரித்தார்கள். கடைச் சேட்டன் வழி சொல்லவில்லை. "இரிக்கு, சாயா குடிச்சிட்டுப் போவாம்" என்று உட்கார வைத்துவிட்டு இத்தாவுக்குப் போன் அடித்தார். சந்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் போய்ச் சூழ்ந்து நின்று, யார், எங்கிருந்து, எதற்காக, வண்டி யாருடையது என்று கேட்டதில் பாதிச் சாயாவோடு எழுந்து போனார்களாம். நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்குத் தைரியம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. இவர்களுக்கும் என்னால் கெடுதல் வந்துவிடுமோ என்ற கவலை ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது.

போன மாதம் சாட்சி விசாரணைக்குத் தேதி வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். போகாவிட்டால் லாரிக்காரன் சொன்னதுதான் நிற்கும், மாடசாமி அண்ணன் தானாகப் போய் விழுந்தார் என்று ஆகிவிடும். முந்தின நாள் காலை வைட்டிலா பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன். வேண்டாம் என்று சொல்லியும் இத்தாவும் ரஸீனாவும் கூட வந்தார்கள். கோர்ட்டில் முன்வரிசையில் குவாரி முதலாளியின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சின்ன நோட்டு, கையில் பேனா. நான் கூண்டில் ஏறிச் சத்தியம் எடுத்தேன். கிளார்க் பெயர் கேட்டார், தகப்பனார் பெயர் கேட்டார், வயது, தொழில் கேட்டார். பிறகு கையில் இருந்த பழைய தாளைப் பார்த்து எங்கள் ஊர் வீட்டு முகவரியைப் படித்தார்.

"இந்த விலாசத்துலதான குடியிருக்கீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஓடு இல்லாத வீடு, இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் அப்போதுதான் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

"இல்லைங்க."

"அப்ப இப்ப எங்க குடியிருக்கீங்க?"

வக்கீலம்மா தலை குனிந்துகொண்டார். மைத்துனர் பேனா மூடியைக் கழற்றினார். இத்தாவுக்கு அங்கே நடப்பது ஒன்றும் புரியவில்லை. நான் பயந்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்து, சொல்லு சொல்லு என்பதுபோல் தலையை ஆட்டினார். கதவு எண்ணையும் சந்தின் பெயரையும் மெல்லச் சொன்னேன்.

"கோர்ட்டுக்குக் கேக்கணும்மா. சத்தமாச் சொல்லுங்க."

பிறந்த ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு, மட்டாஞ்சேரி வீட்டு முகவரியைச் சத்தமாகச் சொன்னேன். கிளார்க் எழுதிக்கொண்டார். மைத்துனரும் எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் எழுதி முடிக்கும் வரை பொறுத்திருந்து, லாரி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்ல ஆரம்பித்தேன்.