வடக்கத்தியாருக்குப் பின்னிய போர்வை

உல்லன் நூலை வெயிலில் காயப்போட்டால் ஈர ஆட்டைத் தடவிய கையை மோந்து பார்ப்பது போல ஒரு வாசம் வரும். எங்கள் வீட்டு நூலில் அதோடு டீசல் வாசமும் சேர்ந்து வரும். லூதியானாவிலிருந்து அப்பாவின் லாரிக் கேபினில், அவருடைய ஸ்டவ்வுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் கிடந்து, அத்தனை தூரம் குலுங்கிச் சேலம் வந்து சேர்ந்த நூல் அது. அங்கே மில்லில் கழித்துப் போட்டதைக் குடோன் வாசலில் கட்டுக்கட்டாக வைத்து விற்பார்களாம். "ஒயர் கூடை பின்றவளுக்கு இதுவும் வரும்னு வாங்கியாந்தேன்" என்று ஒரு மூட்டையை அம்மா முன்னால் போட்டார் அப்பா. மூட்டையைப் பிரித்தால் மெரூனும் கடுகு மஞ்சளும் பாசிப் பச்சையும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன.

எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் யாருக்கு உல்லன் வேண்டும்? மார்கழியிலும் தையிலும் ஏற்காட்டு மலையிலிருந்து பனி இறங்கிவந்து விடியற்காலையில் மலை ரோட்டு அடிவாரத்தையே மூடிவிடும், பேருந்தின் விளக்கு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். ஆனால் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் வெயில் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். அம்மா அதையெல்லாம் யோசிக்கவில்லை. கடைவீதி ஃபேன்சி ஸ்டோரில் ஒரு குரோஷா ஊசி வாங்கினாள், அந்தக் கடைக்கார அக்கா நின்றபடிக்கே காட்டிக்கொடுத்த ஒரே ஒரு பின்னலை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒயர் கூடைக்கு இழுக்கிற மாதிரியே நூலை இழுத்துப் பின்ன ஆரம்பித்தாள். முதலில் எனக்கு ஒரு ஸ்வெட்டர். அதைப் போட்டுக்கொண்டால் கழுத்து அரிக்கும். ஆனாலும் போட்டுக்கொள்வேன். போடாவிட்டால் அம்மா வருத்தப்படுவாளோ என்று பயம். எனக்கு அப்போதே எதற்கெடுத்தாலும் பயம்தான்.

அந்த மார்கழியில்தான் வடக்கத்தியார் வந்தார். எந்த வண்டியில் வந்தார், யார் இறக்கிவிட்டார்கள், ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் காலையில் மாதையன் மாமாவின் டீக்கடைக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பாவைவிட வயது கூட இருக்கும். மெல்லிய சட்டை, கயிறு போட்டுக் கட்டின பேண்ட். கை நீட்டமாட்டார். மாதையன் மாமா டீ கொடுத்தால் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கொண்டுவந்து வைப்பார். அவர் பேசுவது யாருக்கும் புரியாததால் சில நாளில் பேசுவதையே விட்டுவிட்டார். லாரி ஏதாவது வேகம் குறைத்தால் மட்டும் எழுந்து நிற்பார். அது போனதும் உட்கார்ந்துகொள்வார். வண்டி பார்க்கிற ஆசை போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஒவ்வொரு முறை வரும்போதும், அந்தப் பக்கத்துப் பனியில் ரோட்டோரம் டயரை எரித்துக் குளிர்காய்கிறவர்களைப் பற்றிச் சொல்லுவார். அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். வடக்கத்தியாரைப் பார்த்த அன்றைக்குத்தான் சொன்னாள்: "உங்கொப்பன் அங்க பனியில கெடக்கறாரு, இவரு இங்க கெடக்கறாரு. அவருக்கு அங்க யாரு போத்தி உடறாங்களோ!" அன்றைக்கே ஒரு போர்வை பின்ன உட்கார்ந்துவிட்டாள்.

முடித்துக் கடைக்கு எடுத்துப்போனபோது மாதையன் மாமா அதை இரண்டு கையாலும் விரித்து, அதன் ஓட்டை வழியாக எங்களைப் பார்த்தார்.

"ஏம்மா, இது போர்வையா, கூடையா? ஆள உள்ள வெச்சுத் தூக்கிட்டுப் போயிரலாமாட்ட இருக்குது."

"நீங்க டீயில தண்ணி ஊத்தறதக் கொறைங்க மொதல்ல. ஓட்ட இருந்தா என்னங்க, ஓட்டையச் சுத்தி நூலு இருக்குதல்ல" என்றாள் அம்மா.

வடக்கத்தியார் அதை இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், போர்வை கடைப் பெஞ்சின் ஓரத்தில், இளம்பிள்ளைப் புடவைக் கடையில் மடித்து வைப்பதுபோல் அத்தனை சீராக மடிக்கப்பட்டு இருந்தது. அவர் கையை அக்குளில் செருகிக்கொண்டு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மறுபடி கொடுத்தோம். மறுபடி மடித்து வைத்தார். குல்லா பின்னிக் கொடுத்தாள் அம்மா, அதுவும் போர்வை மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. "அந்தூருக் குளுருக்கு இது அவருக்கு வெயிலுங்க" என்று மாதையன் மாமா சமாதானம் சொன்னார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் தினம் அவர் பக்கத்தில் நின்று, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். வகுப்பில் உட்கார்ந்தும் அதே நினைப்பு. ஒருவேளை நான் சரியாகப் பார்க்கவில்லையோ, சட்டை காற்றில் ஆடினதைப் பார்த்து ஏமாந்துவிட்டேனோ என்று.

அப்பா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் காத்திருந்தோம். அப்பாவுக்கு ஹிந்தி தெரியும். தெரியும் என்றால், செக்போஸ்ட்டுக்கும் டாபாவுக்கும் போதுகிற ஹிந்தி. வந்த அன்றைக்கே குளிக்கக்கூட விடாமல் கூட்டிக்கொண்டு போனோம். அப்பா ஏதோ ஒரு வார்த்தை கேட்டார். அவ்வளவுதான், அந்த மனிதர் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார், டீ ஆறிப்போகிற வரைக்கும் நிறுத்தவில்லை. அப்பா பாதிக்குமேல் புரியாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க சொல்றாரு?" என்றாள் அம்மா.

"வேலைக்குன்னு கூட்டியாந்திருக்கறாங்க. வழியில காச்சல் கண்டதும் எறக்கி உட்டுட்டு, திரும்பி வாரம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாமா. அந்த வண்டிக்குத்தான் பாத்துட்டு இருக்கறாரு."

"போர்வைய ஏன் வேண்டாங்கறாரு?"

"ஊருக்குப் போற ஆளுக்கு எதுக்கு, இங்கயே இருக்கறவங்களுக்குக் குடுங்கங்கறாரு. அத வாங்கிப் போத்திட்டா இங்கயே தங்கிட்ட மாதிரி ஆயிருமாமா."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர்ப் பேர் என்ன என்று மாதையன் மாமா கேட்டார். நயாகாவ் என்றார் அப்பா. "அப்படின்னா புதூருங்க. நம்ம பக்கம் எத்தன புதூரு இருக்குது? அங்கயும் அப்படித்தான். எந்த ஜில்லான்னா சொல்லத் தெரீல. ரோட்டுல பாலம் வரும், ஆத்தத் தாண்டுனா ஊருங்கறாரு. எந்த ஆறுன்னா, எங்கூரு ஆறுங்கறாரு."

பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய இந்தியப் படத்தில் நான் அந்த ஊரைத் தேடினேன். அதில் எங்கள் ஊரே இல்லை.

அதற்குப் பிறகு அம்மா அப்பாவை விடவில்லை. "உங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போங்க." அப்பா பயந்தார். அவருடைய பயம்தான் எனக்கு வந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. "ஓனருக்குத் தெரிஞ்சா வண்டிய வாங்கிருவாரு புள்ள. ஆளு தெரியாத ஆள ஏத்திட்டுப் போயி, வழியில அவருக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா கேசு எம்மேல." அம்மா சண்டை போடவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். லோடு இல்லாமல் வீட்டில் இருக்கிற ஒரு லாரிக்காரரால் அதை எத்தனை நாள் தாங்க முடியும்? கடைசியில் அப்பாவே போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்தார், அடுத்த வடக்கு லோடுக்குக் கூட்டிப்போகிறேன் என்று.

மறுநாள் காலையில் பார்த்தால் வடக்கத்தியார் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் குல்லா. மெரூனும் மஞ்சளுமாக, திருவிழாவுக்குக் கிளம்பின ஆள் மாதிரி. மாதையன் மாமா, "வாங்க மாப்பிள்ள" என்று கும்பிட்டார். அர்த்தம் புரியாமல் அவரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்; அப்பா மட்டும் போர்வையின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மூருப் பனிக்கு இது பரவால்ல. அங்க தை மாசத்துக் காத்து இதுல பூந்து வந்துரும் புள்ள. நெஞ்சுக்கு நிக்காது."

எங்களுக்குக் குளிர் என்றால் எட்டு மணிக்கு ஓடிப்போகிற ஒன்று. அங்கே பகல் முழுக்க வெயிலே வராத நாள் உண்டு என்று அம்மா அன்றைக்குத்தான் மனதில் வாங்கினாள். அன்றைக்கே, ஊசி நுழைய இடம் இல்லாத அளவுக்கு நெருக்கமாகப் புதிதாக ஒன்று ஆரம்பித்தாள். நெருக்கிப் பின்னினால் நூல் எங்கே போகிறது என்றே தெரியாது, விழுங்கிக்கொண்டே இருக்கும். மூட்டை தீர்ந்தது. என் ஸ்வெட்டரைப் பிரிக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். நானே நுனியைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன், கை, கழுத்து, முதுகு என்று என் ஸ்வெட்டர் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. அம்மா வீங்கிப்போன கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு பின்னினாள். எப்படியும் பொங்கல் தாண்டித்தான் லோடு வரும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அப்பா நாமக்கல்லில் இருந்தார். மாதையன் மாமா கடைக் காயின் பாக்ஸுக்குப் போன் வந்தது. லோடு ஏற்றியாகிவிட்டது, வீட்டுக்கு வர நேரமில்லை, மத்தியானத்துக்குள் பைபாஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று. புதுப் போர்வை அம்மாவின் மடியை மூடுகிற அளவுக்குத்தான் வந்திருந்தது. "கழுத்துக்காச்சும் ஆவும்" என்று ஊசியோடும் உருண்டையோடும் ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் பின்னிக்கொண்டே வந்தாள். வடக்கத்தியார் ரோட்டைப் பார்க்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன நினைத்தாரோ.

பைபாஸில் வண்டியை ஓரம் கட்டக்கூட அப்பாவை விடாமல், ஒரு போலீஸ்காரர் தடியால் டயரைத் தட்டி, "எடு, எடு" என்று விரட்டினார். அப்பா மேலேயிருந்து கையை நீட்டினார். கூட வந்த மாதையன் மாமா கீழேயிருந்து வடக்கத்தியாரைத் தள்ளி ஏற்றிவிட்டு, பன் பாக்கெட்டை உள்ளே எறிந்தார். அம்மா நூலை அறுக்க வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். லூதியானா நூல் லேசில் அறாது. அது அறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கேபின் ஜன்னலில் மெரூன் போர்வை கொஞ்ச தூரம் தெரிந்தது. அம்மா கையில் அந்தப் பாதிப் போர்வையோடு, வாயில் நூலோடு, அப்படியே நின்றாள். ஓடலாமா என்று எனக்குத் தோன்றியது. லாரியை யார் ஓடிப் பிடிக்க முடியும்?

அப்பா திரும்பி வருகிற வரைக்கும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். அப்பா சொன்னது இவ்வளவுதான். நாக்பூர் தாண்டி ஒரு நாள் போனபிறகு, விடிகிற நேரத்தில், ஒரு பாலம் வந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, இதுதான், இதுதான் என்று கதவைத் தட்டினார். ஒரே பனி. ஊர் எதுவும் தெரியவில்லை. நல்லாப் பாருங்க, நல்லாப் பாருங்க என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் இறங்கி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ரோட்டை விட்டு ஒரு மண்பாதையில் நடந்தார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"அது அவரு ஊருதானுங்களா?"

"தெரீல புள்ள."

"யாராச்சும் எதுக்க வந்தாங்களா?"

"பனியில ஒண்ணும் தெரீல. ஒரு நாயி கொலைச்ச சத்தம் கேட்டுது."

"நெருக்கமானத மொதல்லயே பின்னியிருந்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். மீதி நூல் அடுத்த தடவை வந்ததும் அந்தப் பாதிப் போர்வையை முடித்தாள். அடுத்த மார்கழியில் அதைப் பழைய பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த ஒரு அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதிலிருந்து ஒவ்வொரு மார்கழிக்கும் எங்கள் வீட்டிலிருந்து யாருக்காவது போர்வையோ குல்லாவோ போகிறது. நான் ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு, கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போனபோதும், கல்யாணமாகித் திரும்ப இந்தத் தெருவுக்கே குடிவந்தபோதும், அது நிற்கவில்லை. இப்போது செல்போனில் ஒரு குழு வைத்து நிறையப் பெண்கள் பின்னிக் கொடுக்கிறோம். கொடுக்கிற இடத்தில் மற்றப் பெண்கள் அளவு கேட்பார்கள். நான் எந்த ஊர் என்று கேட்பேன். கேட்டு என்ன செய்யப்போகிறேன்? சிலர் சொல்வார்கள். சிலர் ஒரு கையைத் தூக்கி ஏதோ ஒரு திசையைக் காட்டுவார்கள். குல்லாவைத் தலையில் மாட்டிவிட்டு வந்துவிடுவேன். வந்தபிறகு அந்தக் கை காட்டின திசை எது என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பேன்.

ரோட்டை அகலப்படுத்தியபோது மாதையன் மாமாவின் கடை போனது, அந்தச் சிமெண்டுப் பெஞ்சும் போனது. மாமாவும் இல்லை. அடிவாரத்தில் இப்போது லாரி எதுவும் வேகம் குறைப்பதில்லை. அப்பா ஸ்டியரிங்கை விட்டு வெகுகாலம் ஆகிறது, முழங்கால் வீக்கத்தோடு கட்டிலில் இருக்கிறார். நானும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பின்னும்போது அவராகவே அந்தப் பாலத்தைப் பற்றி ஆரம்பிப்பார். இந்த மார்கழியில் சொன்னார்: பனி விலகினதும் ஓட்டு வீடுகள் தெரிந்தனவாம். ஒரு பெண்பிள்ளை வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாளாம், அவருடைய மகளாகத்தான் இருக்கவேண்டுமாம், போர்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம்.

"ஆமாங்க, மகளேதான்" என்றாள் அம்மா, ஊசியை நிறுத்தாமலே. அவள் முகத்தில் அத்தனை நிம்மதி.

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன், அப்பாவைப் பார்த்தேன், மறுபடி என் பின்னலுக்குக் குனிந்தேன். போன வருஷம் அவர் சொன்னபோது ஓட்டு வீடுகள் மட்டும்தான் இருந்தன.