பெரட்டுக்கு நின்ற குடும்பம்

வரிசையில் நிற்காமல் வாழ்வதில் உலக சாம்பியன் எங்கள் கீழ் கோத்தகிரி சங்கிலி பெரியப்பாதான். எமலோக வாசலிலேயே டோக்கன் வாங்கிக்கொண்டு பின்னால் நிற்கச் சொன்னாலும், "அப்ப எனக்குச் சாவே வேணாம்" என்று திரும்பி வந்துவிடுவார். ரேஷன் கடையில் கடைசி ஆள் போகும்வரை ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்பார். ஓட்டுப் போடுவதும் பூத்தை மூடப்போகும் நேரத்தில்தான்.

எஸ்டேட் ஃபேக்டரியில் வாட்ச்மேன். வயது அறுபது இருக்கும். எட்டு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, அப்பா அம்மாவோடு பாஸ்போர்ட் எடுத்துக் கப்பலில் வந்தவர். 'சிலோன்காரர்' என்று கூப்பிட்டால் சிரிப்பார். 'அகதி' என்றால் அன்றைக்கு உங்களோடு பேச்சு கிடையாது.

காரணம் எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. பத்தாவதோடு படிப்புக்கு டாட்டா காட்டிவிட்டு, கோத்தகிரியில் கமலேஷ் அண்ணனின் பேனர் கடையில் டைப் அடிக்கிறேன். நூலகத்தில் 'மலைக்கு வந்த மக்கள்' என்று ஒரு போட்டோ கண்காட்சி. பேனரெல்லாம் எங்கள் கடையில்தான். அதில் ஒரு பழைய பத்திரிகைப் படம். விடியற்காலையில் ஒரு குடும்பம் வரிசையாக நிற்கிறது. முன்னால் நிற்பவர் இரண்டு கையையும் நீட்டியிருக்கிறார். கீழே, 'கஞ்சிக்குக் கையேந்தும் அகதிகள்.' கடைசியில் தொளதொள டவுசரில் ஒரு பையன். மூக்கு அப்படியே பெரியப்பா.

சும்மா விடுவேனா? போனில் படம் எடுத்துக்கொண்டு போய் ஃபேக்டரி கேட்டில் நீட்டினேன்.

"பெரியப்பா, ஹீரோ நீங்கதானுங்களா? கஞ்சிக்கு ஊறுகா குடுத்தாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"இத வெளிய மாட்டப் போறாங்களா?"

"திங்கக்கெழமைங்க. ஸ்கூல் புள்ளைங்கெல்லாம் பாக்க வருதுங்க."

"எம் பேத்தியும் வருவா."

கவிழ்த்து வைத்த போனை நிமிர்த்தினார். "அது கஞ்சிக்கு நின்ன வரிச இல்லடா. பெரட்டு."

அங்கே தோட்டத்தில் விடிந்ததும் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி பேர் எழுதி வேலை பிரித்துக் கொடுப்பார். அதுதான் பெரட்டு. கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் முதல் நாள் காலை, இங்கேயும் அப்படித்தான் என்று அவருடைய அப்பா எல்லோரையும் எழுப்பி நிறுத்தியிருக்கிறார். அம்மா கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாராம். சுற்றிலும் மணலும் கடலும்தான். கங்காணி வரவில்லை. தொப்பி போட்ட ஒருவர் கேமராவோடு வந்தார். அவரைத் தோட்டத்துத் துரை என்று நினைத்த அப்பா, தான் நல்ல வேலைக்காரன் என்று காட்ட, காய்ப்புக் காய்த்த உள்ளங்கைகளை விரித்து நீட்டினார்.

"பேப்பர்ல போட்டிருந்தத யாரோ அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டிட்டாங்க. அதுக்கப்பறம் அவரு ஒரு வரிசையிலயும் நிக்கல. நானுந்தான்."

ஊறுகாய் ஞாபகம் வந்து எனக்குக் காது சுட்டது. நேராக நூலகரிடம் போய்ச் சொன்னேன். "சரியா எழுதிக் குடு, மாத்திக்கலாம்" என்றார். அடித்து அடித்து அழித்தேன். பிரிண்ட் போடும் முன் பெரியப்பாவைக் கடைக்கு வரவழைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ரொம்பப் பெருமையாக வாசித்தேன்:

"வந்த முதல் நாள் காலையிலேயே வேலை கேட்டு, கண்ணீர் மல்கப் பெரட்டுக்கு நின்ற குடும்பம்."

"கண்ணீரா? யாருடா அழுதது?"

"இல்லைங்க பெரியப்பா... பாக்கறவங்களுக்கு மனசு எளகட்டுமேன்னு..."

அவர் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பேப்பர்காரனும் இப்பிடித்தான் நெனச்சிருப்பான்."