எழுதாமல் விட்ட லயத்தின் பெயர்

நனைந்த செம்மண் வாடை வந்தால் இன்றைக்கும் என் கண் தன்னால் மேட்டைத் தேடுகிறது. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் கீழ் லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில், நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடத்து அடைமழையில் ஒரு வெடிப்பு விழுந்தது. காலையில் விரல் நுழைந்த இடத்தில் சாயங்காலம் என் கை முழங்கை வரை நுழைந்தது.

"தொரைக்கு இங்கிலீசுல எழுதுனாத்தான் படிப்பாரு" என்பது தோட்டத்தில் எல்லாருடைய நம்பிக்கை; தோட்ட நிர்வாகியான அந்தத் தொரை வீட்டில் பேசுவது சிங்களம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. டவுனுக்கு டியூசன் போன ஒரே பிள்ளை நான் என்பதால் வெடிப்பைச் சொல்லி மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வாரம்தான் ஆங்கில வகுப்பில் இரண்டு பாடங்கள் முடிந்திருந்தன: அழுத்திச் சொல்ல வேண்டியதை முன்னுக்குப் போட்டு, வினையை எழுவாய்க்கு முன்னால் மாற்றி வைக்கலாம், கேட்பவருக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விடலாம். படித்ததைக் காட்டும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எடுத்த எடுப்பில் "நெவர்" என்று தொடங்கி, இப்படியொரு பயத்தை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை என்று எழுதினேன்.

லயத்தின் பெயரை எழுதப் போனபோது அப்பா தடுத்தார். "அது வேணாம்மா. பேரப் போட்டா நம்மளத்தான் மொதல்ல கூப்பிட்டு வெரட்டுவாங்க. வெடிப்பு எங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா?" தெரிந்ததை விடலாம் என்று நானும் படித்திருந்தேனே, விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் தொரையின் ஜீப் வந்தது. மேல் லயத்துச் சுவரில் ஏதோ பழைய கீறலைப் பார்த்துவிட்டு, எங்கள் வாசலைத் தாண்டித் திரும்பிப் போனது. "போறாங்களே, போறாங்களே" என்றாள் அம்மா. நான் பெயரை எழுதாததால்தான் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், தொரை மனுவைத் தூக்கிக் காட்டி யார் எழுதியது என்று கேட்டார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற நான் இன்னும் ஒதுங்கி மறைந்தேன். பெயரைச் சொல்லப் பயந்த அதே அப்பாதான் முன்னால் போனார். "நான்தாங்க எழுதச் சொன்னேன். வெடிச்சது எங்க கீழ் லயத்துக்குப் பின்னாலங்க. பன்னெண்டு குடும்பம் இருக்கோம்."

அன்று பகலே பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாறினோம். இரண்டாம் நாள் மேடு சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. உயிர்கள் தப்பின, அப்பாவை மட்டும் அதன்பிறகு செங்குத்தான மலைக்கே வேலைக்கு அனுப்பினார்கள்.

இப்போது நோர்வூட்டில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். கீழ் லயம் இருந்த இடத்தில் மானாப்புல் மண்டிக் கிடக்கிறது; அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. மழை கனத்தால் பாடத்தை நிறுத்திவிட்டு, யார் எந்த லயம், வீட்டுக்குப் பின்னால் மேடு உண்டா என்று ஒவ்வொருவராகக் கேட்கிறேன். "போன வாரமும் கேட்டீங்களே டீச்சர், ஒங்களுக்குத்தான் தெரியுமே" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தெரிந்தாலும் பரவாயில்லை, முழுசாகச் சொல்லுங்கள் என்கிறேன்.