சூசையம்மாவின் ஓட்டு

சூசையம்மா இலங்கையில் கண்டிப் பக்கத்துப் பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டு வரை அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மாப்பிள்ளை பார்த்தது அப்பன், எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்று சொன்னது கங்காணி. அந்த ஆண்டுதான் தேர்தல் வந்தது. வேட்பாளருக்கு ஒரு நிறமாகப் பெட்டி வைத்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் தனியாக நின்று, தனக்குப் பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டாள். எந்தப் பெட்டி என்று புருஷன் அந்தோனிமுத்துவிடம்கூட மூச்சு விடவில்லை. ஒரு வாரத்துக்கு அவள் நடையே வேறாக இருந்தது.

எல்லாருக்கும் ஓட்டுக் கொடுக்கலாம் என்று முன்பு சொன்னது சீமையிலிருந்து வந்த கமிஷன். தோட்டத்து ஜனங்களில் யாருக்குக் கொடுப்பது என்று லண்டனும் டில்லியும் கொழும்பும் கடிதம் எழுதி மாய்ந்தன. அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவராவது பன்வில மலையேறி வந்து அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்த நாட்டிலேயே நிலைத்து வாழப்போகிறவர்களுக்கு மட்டும் என்று முடிவு கட்டினார்கள்.

அடுத்த தேர்தலுக்கு முன், இந்தியாவுக்குத் திரும்பிப் போகிறவர்கள் என்று வாக்காளர் பட்டியலில் புருஷன் பெண்சாதி இருவர் பெயருக்கும் ஆட்சேபம் வந்தது. விசாரணைக்குக் கண்டிக் கச்சேரிக்கு, சர்க்கார் அலுவலகத்துக்கு, வரச் சொன்னார்கள்.

"திரும்பிப் போவியான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிடு" என்று வழியெல்லாம் ஓதினான் அந்தோனிமுத்து.

"வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருக்கோமே?"

மகன் காய்ச்சலில் கிடந்தபோது இருவருமாக முழங்காலில் நின்று நேர்ந்தது அது. பையன் பிழைத்தான். வேளாங்கண்ணி இருப்பதோ இந்தியாவில்.

"அத ஏன் அவங்ககிட்ட சொல்ற?" என்றான்.

கச்சேரியில் சத்தியத்துக்கு வேதபுத்தகத்தை முத்தமிடச் சொன்னார்கள். அந்தோனிமுத்து முத்தமிட்டு, இல்லை என்று கூசாமல் சொன்னான். அவள் முறை வந்தது. விசாரித்த வெள்ளைக்காரத் துரை ஆங்கிலத்தில் கேட்டதை, கச்சேரி மொழிபெயர்ப்பாளரான முதலியார் செல்லப்பா தமிழில் சொன்னார்.

"இந்தியாவுக்குப் போற எண்ணம் இருக்கோ?"

புத்தகத்தை முத்தமிட்ட வாய். மாதாவுக்கு நேர்ந்ததும் அதே வாய்.

"போவேங்க. மாதாவ கும்பிட்டு, பத்து நாள்ல வந்திருவேன்."

செல்லப்பா யாழ்ப்பாணத்து மனிதர், இரக்கமுள்ளவர். "இஞ்ச இலங்கையில மடுக் கோயிலிலயும் மாதா இருக்கிறா தானே, பிள்ளை. இல்லை எண்டு சொன்னால் போதும்."

"நேர்ந்தது வேளாங்கண்ணிக்குங்களே."

படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டே இடம். பத்து நாளை எழுத இடமில்லை. அவள் பெயரில் கோடு விழுந்தது. பொய் சொன்னவன் பெயர் நின்றது. கடைசி வரை அவள் வேளாங்கண்ணிக்குப் போகவுமில்லை.

தேர்தலன்று அந்தோனிமுத்து சலவை வேட்டி கட்டிப் போனான். அவள் மழையில் கொழுந்தெடுத்தாள். சாயங்காலம் லயத்து வீட்டு வாசலில் அவன் சமாதானமாகச் சொன்னான்.

"மனச விட்டுராத. ஒனக்குஞ் சேத்துத்தான் பச்சைப் பெட்டியில போட்டேன்."

சூசையம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"பச்சையா மஞ்சளான்னு என்னயக் கேட்டீங்களா?"