ஒற்று அண்ணன் அடித்த வாடகை ஒப்பந்தம்

எங்கள் கடையில் இரண்டே பேர். ஜெராக்ஸ் மெஷின் என் பொறுப்பு, கணினி அண்ணன் பொறுப்பு. கூடப்பிறந்த அண்ணன் இல்லை. பதினோரு வருடம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சண்டை போட்டதில் அண்ணனாகிவிட்டார். நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கிற ஏழு டைப்பிங் கடைகளிலும் அவருக்கு ஒற்று என்றுதான் பெயர். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், விஷயம் என்ன என்று பார்ப்பதற்கு முன்பே விட்டுப்போன க், ச், த், ப்பைத் தேடிப் பென்சிலால் போட்டுவிடுவார். 'வாடகை பணம்' என்று எழுதிக்கொண்டு வருகிறவனிடம் ப் எங்கே என்று கேட்பார், அவன் திருதிருவென்று விழிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாடகை ஒப்பந்தம் என்றால் எங்கள் கடைதான். படிவம் அண்ணன் கொண்டுவந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவர் பக்கத்து மாநிலத்தில் ஒரு வக்கீலிடம் வேலை பார்த்தார். திரும்பி வரும்போது அங்கே அடித்துக்கொண்டிருந்த ஆங்கிலப் படிவத்தைப் பென் டிரைவில் போட்டு எடுத்துவந்துவிட்டார். அந்த மாநிலத்தின் பெயர் வருகிற இடமெல்லாம் நம் மாநிலத்தின் பெயரைப் போடு என்று கணினிக்கு ஒரே கட்டளை. நாற்பத்திரண்டு இடங்களில் மாற்றப்பட்டது என்று அது பதில் சொன்னதாம். இதை அவர் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் நானும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். மற்ற ஆறு கடைக்காரர்களும் கேட்டார்கள் என்று அவர்களுக்கும் தாராளமாகக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

ஐந்து வருடத்துக்கு முன்பு அவருடைய அக்கா தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்தபோது அந்த ஒப்பந்தமும் அண்ணன் அடித்ததுதான். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். குடிபோன மறுவருடமே சர்க்கரை நோயில் அவள் புருஷனுக்குப் பார்வை முழுசாகப் போய்விட்டது. ஆறு மாதம் சுவரில் முட்டி மோதி, மனுஷன் அந்த வீட்டை விரல் நுனியில் கற்றுக்கொண்டார். கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒன்பது அடி. அடுப்பை அவரே பற்றவைப்பார், டீயும் போட்டுக்கொள்வார். அதனால்தான் அக்காவால் அவரைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போக முடிந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம் அக்கா கடைக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினாள். அண்ணனின் கை வழக்கம்போலப் பென்சிலுக்குப் போனது. 'காலி செய்து தர கேட்டுக்கொள்கிறேன்' என்று இருந்ததில் ஒரு க் போட்டார்.

"என்னடா திருத்துற? எங்களை வெளிய போகச் சொல்றான்டா," என்றாள் அக்கா.

அதற்கப்புறம்தான் படித்தார். முப்பது நாள் கெடு. காரணம் எதுவும் இல்லை. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவைத் தேற்றினார். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் வாடகை அதிகாரியிடம் போனோம்.

அதிகாரி அம்மா பொறுமைசாலி. ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். அதில் சொல்லியிருக்கிற சட்டத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை.

"இப்படி ஒரு சட்டம் நம்ம மாநிலத்துல கிடையாதே. யார் போட்டது?"

நான்தான் அடித்தேன் என்றார் அண்ணன். அந்த அம்மா நிதானமாக விளக்கினார். அந்தச் சட்டம் பக்கத்து மாநிலத்தினுடையது, பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. இங்கே சட்டமே வேறு. தகுந்த காரணம் இல்லாமல் யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது, சொன்னாலும் ஆறு மாதம் அவகாசம் தர வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பெல்லாம் இரண்டு மாதத்துக்குள் இந்த அலுவலகத்தில் பதிவு செய்த ஒப்பந்தத்துக்கு மட்டும்தான். எங்கள் படிவத்திலோ 'பதிவு செய்யத் தேவையில்லை' என்று ஒரு வரி. அங்கே அது சரி, இங்கே அதுவே வினையாகிவிட்டது. ஐந்து வருடம் கழித்துத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொன்னபோது அவருக்கே சங்கடமாக இருந்தது. இதுபோல எத்தனை அடித்திருப்பீர்கள் என்று கேட்டார்.

வீட்டுக்காரரிடம் போய்க் கெஞ்சினோம். அவரும் மரியாதையாகத்தான் பேசினார். "முப்பது நாள்னு நீங்க அடிச்சுக் கொடுத்ததுதானே தம்பி? நான் அதைத்தானே கேக்குறேன்?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கடைக்குத் திரும்பியதும் அண்ணனைக் கண்டபடி திட்டினேன். ஒரு ஒற்று விடமாட்டீர்கள், ஒரு சட்டத்தையே கோட்டை விட்டுவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் பழைய ஒப்பந்த நகல்களை எடுத்து எண்ண ஆரம்பித்தார். அத்தனைக்கும் ஜெராக்ஸ் போட்டவள் நான்தானே என்று அப்போதுதான் உறைத்தது, வெட்கமாகப் போய்விட்டது.

அண்ணன் நம் மாநிலத்துப் படிவத்தை அந்த அலுவலகத்தில் வாங்கிவந்து புதிதாக அடித்து வைத்தார். வருகிற வீட்டுக்காரர்கள் பதிவு, காரணம், ஆறு மாதம் என்று படித்ததும் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டினார்கள். அங்கே பழைய படிவம் பத்திரமாக இருந்தது. அண்ணன் ஆறு கடையும் ஏறி இறங்கி, தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள் என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் அழிக்கவில்லை.

முப்பதாவது நாள் காலையில் அக்கா ஒரு காகிதத்தோடு வந்தாள். இரண்டாவது மாடியில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது, சரியாக இருக்கிறதா என்று பார் என்றாள். முதல் பக்கத்திலேயே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

"இது என்னோட படிவம்க்கா. இந்தச் சட்டமே கிடையாது. நாளைக்கு இவரும் முப்பது நாள்ல போகச் சொல்வாரு. கையெழுத்துப் போடாத, நான் வேற அடிச்சுத் தரேன்."

"நீ சொன்ன பதிவு, ஆறு மாசம் எல்லாம் இந்த வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாத்தேன்டா. அப்படின்னா வேற வீடு பாத்துக்கங்கன்னுட்டாரு." அக்கா வாசலைப் பார்த்தாள். "மாமா வெளிய வண்டியில சாமானோட உக்காந்திருக்காரு. பேனாவைக் குடு."

அண்ணன் அசையவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.