நுன்சியாவின் கிழங்குகள்

சிசிலியில் என் பக்கத்து வீட்டு நுன்சியா பத்து வருடம் அப்பாவின் பீ மூத்திரம் அள்ளினாள். அவரோ நிலம் முழுவதையும் மகன் ரொசாரியோவுக்கு எழுதிவிட்டுப் போனார். தம்பியின் கோதுமை வயல் ஓரத்தில் அவள் காட்டு கிளாடியோலஸ் என்ற கிழங்குப் பூச்செடியை வளர்த்தாள். கோடையில் கிழங்கு அழுகாதபடி ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காத்தாள்.

"களையைப் போய் கொஞ்சிக்கிட்டு இருக்கியேக்கா!" என்று அவன் ஒருநாள் டிராக்டர் விட்டு அந்த ஓரத்தையும் உழுதுபோட்டான். தாய்க்கிழங்கைச் சுற்றியிருந்த பொடிக்கிழங்குகளைக் கலப்பை வயலெங்கும் இழுத்துப் போனது. மூன்றாம் வசந்தத்தில் கோதுமைக்குள் எங்கு பார்த்தாலும் ஊதாச் சிவப்புப் பூக்கள். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது.

"எல்லாம் நம்ம கைராசி," என்றான் ரொசாரியோ.

வேலிக்கு வெளியே நின்ற நுன்சியா சொன்னாள்: "ஆமாண்டா. நீ கை வச்சது எதுதான் உனக்குச் சொந்தமாகாம போச்சு?"